திருநாளைப்போவார் புராணமும் நந்தனார் திரைப்படமும்

பெறுதற்கரிய மானிடப் பிறவியைப் பெற்ற ஆன்மாக்கள் ஈடேறுவதற்குச் சைவப் பெரியோர் வகுத்த வழிகளுள் அடியார் சரிதங்களைப் படித்தலும், படிக்கக் கேட்டலும் சிறந்தனவாகும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இப்பணியை நெடுங்காலமாகச் செய்து வந்தது புராணபடனமாகும். ஒருவர் பாட்டை இராகத்துடன் வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். எழுத்தறியாத கமக்காரனும், அடுப்படியை விட்டு வெளியே வராத பாட்டியும் சூரபன்மனையும் மாணிக்கவாசகரையும் தம் வீட்டு மனிதரைப் போல அறிந்திருந்தது இதனாலேயே ஆகும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் இம்மண்ணின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு அழைத்ததும் இதனை மனத்திற் கொண்டேயாம்.

காலம் மாறியது. எண்பதுகளில் மின்சாரம் எட்டாத ஒழுங்கைகளில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடியவிடியப் படம் பார்த்த தலைமுறைக்குச் சிவபெருமான் என்றதும் சிவாஜி கணேசனின் முகம் நினைவுக்கு வந்தது. ஏ. பி. நாகராஜன் இயக்கிய திருவிளையாடல் 1965 ஆம் ஆண்டிலும், கந்தன் கருணை, திருவருட்செல்வர் ஆகியன 1967 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அப்பர் சுவாமிகளின் தள்ளாத முதுமையைத் திருவருட்செல்வரில் கண்டு கண்ணீர் விட்டோர் பலர். சினிமா என்றாலே முகஞ் சுளிக்கும் பெரியவர்களும் இப்படங்களுக்கு மட்டும் விலக்களித்தனர். பார்க்கப்போனால் அதில் தவறொன்றுமில்லை. புராணபடனத்துக்கு ஆள் கிடைக்காத ஊரில் நாயன்மாரின் பெயரையாவது பிள்ளைகள் அறிவதற்கு இப்படங்கள் உதவின. ஆயினும் நூலில் உள்ள கதையும் படத்தில் உள்ள கதையும் ஒன்றுதானா என்ற கேள்வியை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு புரட்டாதி உரோகிணியன்று, திருநாளைப்போவார் நாயனார் குருபூசையின்போது, அக்கேள்வி எழுந்தது. வசந்த மண்டபத்தில் இருபது பேர்வரை இருந்தனர். வாசித்துப் பயன் சொன்னவர் எண்பது வயதைத் தாண்டிய முதியவர். முன் வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நந்தனார் படத்தைத் தன் தாயாரின் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வாசிப்பு முடியும் தறுவாயில், "அப்பு, அந்தப் பண்ணைக்கார ஐயர் எங்கை? அவர் வரேல்லையே?" என்று கேட்டாள். "இதிலை அவர் இல்லைப் பிள்ளை" என்றார் முதியவர். "அப்ப ஆர் அவரைப் போக விடாமல் மறிச்சது?" என்றாள் அவள். முதியவர் சிறிது நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தீபாராதனைக்கு மணி அடித்தது.

சிறுமியின் கேள்வி இலேசானதன்று. அதற்கு விடை காண வேண்டின் நந்தனார் கதை வளர்ந்து வந்த வழியை முதலில் அறிதல் வேண்டும்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரைப் பெயர் சுட்டி வணங்கியதோடு நிறுத்திக்கொண்டார். நம்பியாண்டார் நம்பி தமது அந்தாதியில் ஒரு பாட்டைக் கொடுத்து, ஆதனூரையும், புலைமை நீங்கித் தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானதையும் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் இதனை ஒரு தனிப் புராணமாக விரித்தார். நாற்பது பாட்டுக்கும் குறைவான சிறிய புராணமே எனினும், பெரியபுராணத்தில் இதற்கு நிகரான பகுதிகள் மிகச் சிலவேயாம்.

சேக்கிழார் அரசவையில் அமைச்சராக இருந்தவர். அப்படிப்பட்டவர் ஆதனூர்ப் புலைப்பாடியை வருணிக்கும் விதத்தைக் கவனித்தல் வேண்டும். சுரைக்கொடி படர்ந்த கூரைகள். முற்றத்தில் சுற்றித் திரியும் கோழிக் குஞ்சுகள். கையில் இரும்புக் காப்பணிந்த சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அச்சிறுவரின் அரையிற் கட்டிய இரும்பு மணியின் ஒலியில் குட்டிகளின் மெல்லிய குரைப்பு அடங்கிப் போகிறது. மருத மர நிழலில் தோலை விரித்துத் தாய் ஒருத்தி குழந்தையை உறங்க வைக்கிறாள். வஞ்சி மர நிழலில் புதைத்த பானைக்குள் பேடு அடைகாக்கிறது. மாமரங்களில் பறைகள் தொங்குகின்றன. இதில் அருவருப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. உட்கார்ந்து பார்த்தவர் ஒருவரின் கண்ணே இருக்கிறது. சோழ நாட்டு அமைச்சர் அச்சேரிக்குள் எத்தனை முறை போயிருப்பார் என்று எண்ணாமல் இப்பாட்டுகளை வாசிக்க முடியாது.

அங்கே நந்தனார் என ஒருவர் பிறந்தார். ஊருக்குப் பறையறையும் தொழிலுக்காக விடப்பட்ட மானிய நிலம் அவருக்கு உண்டு. பறைத்துடவை என்பது அதற்குப் பெயர். எனவே உணவுக்கு எவர் கையையும் எதிர்பார்க்கும் நிலை அவருக்கில்லை. திருக்கோயில்களில் முழங்கும் பேரிகை முதலியவற்றுக்குத் தோலும் வாரும் கொடுப்பார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பார். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுப்பார். கோயிலுக்குள்ளே ஒலிக்கும் வாத்தியம் அவர் கொடுத்த தோலால் ஒலிக்கின்றது. அவரோ வாயிலுக்குப் புறத்தே நின்று ஆடுவார், பாடுவார். சேக்கிழார் இம்முரணைச் சுட்டிக்காட்டி எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு அப்பாற் செல்கிறார்.

வைத்தீசுவரன் கோயிலுக்கு அணித்தாயுள்ள திருப்புன்கூருக்குச் சென்று சிவலோகநாதரை நேரே காண விரும்பினார். வாயிலில் நின்று பார்க்க இடபதேவர் மறைத்தார். பெருமான் இடபத்தை விலகச் செய்து காட்சி கொடுத்தருளினார். அங்கு நந்தி நேர்கோட்டிலிருந்து ஒதுங்கியிருப்பதை இன்றும் காணலாம். நாயனார் அவ்வூரில் ஒரு குளமும் தோண்டிவிட்டுத் திரும்பினார். வந்தவர், கண்டவர், கும்பிட்டவர் என்றில்லாமல் மண்வெட்டி பிடித்துவிட்டுப் போனவர் என்பதை இங்கு கவனித்தல் நன்று.

அதன் பின்னரே தில்லை. போக வேண்டும் என்ற ஆசை இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். விடிந்ததும் தன் குலத்தின் நினைவு வந்து காலைக் கட்டும். ஆசை மீண்டும் எழும்போது, நாளைப் போவேன் என்பார். இப்படியே நாட்கள் கழிந்தன. திருநாளைப்போவார் என்ற பெயர் இவ்வாறு வந்ததாகும். பிரசங்கிகள் சிலர் இந்த "நாளை" என்பதைச் சோம்பலுக்கு உவமை காட்டுவதுண்டு. அது பொருந்தாது. சோம்பேறி நாளை என்றால் இன்று நன்றாகத் தூங்குவான். இவரோ தூங்கவில்லை.

ஒருநாள் புறப்பட்டே விட்டார். தில்லையின் எல்லையில் வேள்விப் புகையைக் கண்டதும் உள்ளே செல்ல அஞ்சி, அந்நகரை இரவும் பகலும் வலம் வந்தார். அயர்ந்து துயின்றபோது கூத்தப்பெருமான் கனவிலே தோன்றி, தீயில் மூழ்கி அந்தணருடன் வருமாறு அருளினார். தில்லைவாழந்தணரின் கனவிலும் தோன்றித் தீ அமைக்கக் கட்டளையிட்டார். அவர்கள் நாயனாரைத் தேடி வந்து, தென்மதிலுக்குப் புறத்தே தீ அமைத்தனர். அவர் அதனுள் மூழ்கி முனிவர் வடிவோடு எழுந்தார். அந்தணருடன் உள்ளே சென்றார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை.

நூலின்படி கதை இவ்வளவே. நாவலர் பெருமான் 1852 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரியபுராண வசனமும் இதே வழியிற் செல்வதாகும். இதில் பண்ணையாரும் இல்லை, அறுவடையும் இல்லை.

அப்படியானால் மேற்படி வேதியர் எங்கிருந்து வந்தார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து வந்தார். நரிமணத்தில் பிறந்து ஆனதாண்டவபுரத்தில் வாழ்ந்த பாரதியார், தஞ்சைத் தரணியின் பண்ணை ஆட்கள் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டவர். அவர் நந்தனாரை ஒரு பண்ணை அடிமையாக்கினார். வேதியர் ஒருவரை எசமானராக்கினார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டவருக்கு, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் எசமானர். ஒரே இரவில் திருவருளால் அறுவடை முடிகிறது. வேதியர் அதிர்ந்து நந்தனாரின் காலில் விழுகிறார்.

இக்கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாரதியார் பலமுறை சென்றதையும், இலக்கண வழுக்களைக் கண்டு தயங்கிய மகாவித்துவான், அவர் திண்ணையிலிருந்து பாடியதைக் கேட்டு உருகிப் பாயிரம் கொடுத்ததையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். அந்த உருக்கம் உண்மையானது. கதாகாலட்சேபங்களின் வழியாக ஊரெங்கும் பரவியது பாரதியாரின் நந்தனாரே ஆவார். சேக்கிழாரின் நந்தனார் புத்தகத்திற்குள்ளேயே இருந்துவிட்டார்.

திரைப்படங்களும் பாரதியாரையே பின்பற்றின. 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா 1933 இல் இறந்தபின் ஒதுங்கியிருந்த அவ்வம்மையாருக்கு இப்படத்தில் நடிக்க ஒரு இலட்சம் ரூபா கொடுக்கப்பட்டதை அக்காலத்தவர் வியந்து பேசினர். வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் நடித்தார். அதற்குப் பின் 1942 இல் ஜெமினி நிறுவனத்தின் நந்தனார் வந்தது. அதில் நந்தனார் எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. தேசிகர் தேவாரம் ஓதும் மரபில் வந்தவர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். நடிப்பில் அவரை விஞ்சியவர் உண்டு. ஆனால் அவர் வாய் திறந்து பாடும்போது, வாயிலுக்கு வெளியே நிற்பவரின் குரல் எப்படி இருக்கும் என்பது தெரிகிறது. இன்றும் அப்படத்தைப் பார்ப்பதற்கு அக்குரல் ஒன்றே போதிய காரணமாகும்.

இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளில் திரைக்கு வெளியே நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1936 நவம்பர் 12 ஆம் திகதி திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. 1939 யூலை 8 ஆம் திகதி அ. வைத்தியநாதையர், கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் நுழைந்தார். முதற் படத்தைப் பார்த்து அழுத மதுரைக்காரர், வெளியே வந்தபோது நந்தனார் குலத்தவருக்கு ஊர்க்கோயில் கதவு மூடியிருந்தது. இரண்டாம் படத்தைப் பார்த்தபோது அது திறந்திருந்தது. கதவைத் திறந்தது படம் என்று சொல்ல முடியாது. படமே பார்க்காதவர்களும் திறந்தார்கள். பத்துத் தரம் பார்த்தவர்களும் மறித்தார்கள்.

இனிச் சிறுமியின் கேள்விக்கு வரலாம். படத்தில் நந்தனாரை மறித்தவர் வேதியர். ஒரு கெட்ட மனிதர் இருக்கிறார். அவர் திருந்தினால் துன்பம் தீர்ந்தது. பார்ப்பவருக்கு இது ஆறுதலான கதை. மேற்படி வேதியர் காலில் விழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போகலாம். அந்த வேதியர் தாம் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நூலில் இந்த ஆறுதல் இல்லை. சேக்கிழாரின் கதையில் கெட்டவர் என்று எவருமே இல்லை. ஆதனூரில் எவரும் அவரை அடிக்கவில்லை. தில்லையில் எவரும் அவரைத் துரத்தவில்லை. அந்தணர்கள் நல்லவர்கள், வேள்விகள் முறைப்படி நடக்கின்றன, எல்லாம் ஒழுங்காக இருக்கின்றது. அப்படி எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே ஒருவர் ஊரின் எல்லையை இரவும் பகலுமாகச் சுற்றிச்சுற்றி வருகிறார். போகாதே என்று எவரும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அது அவருடைய மனத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. இவ்விடத்தில் படத்தை விடப் புராணமே கடுமையானது. புராணம் பழையது, படம் புதுமையானது என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளின் பின்னரும், 1968 இல், மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் குடாநாட்டின் வேறு பல ஊர்களிலும், பெரிய கோயில் சிறிய கோயில் என்ற பேதமின்றி, வெளி வீதியில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியவர்கள் இருந்தார்கள். உள்ளே புரட்டாதி உரோகிணியில் நந்தனாருக்குக் குருபூசையும் நடந்தது. அக்குருபூசையை நடத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறிட்டவர்கள், பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள், நோன்பு தவறாதவர்கள். வேதியர் வேடத்துக்கு அவர்களில் ஒருவரும் பொருந்தார். இருந்தும் சிலர் வெளியே நின்றனர்.

அடுத்து வருவது தீயைப் பற்றிய கேள்வி. படம் பார்த்த இளைஞர்கள் கோபத்தோடு கேட்பது இதனையே: இறைவன் ஏன் அவரைத் தீயில் மூழ்கச் சொன்னான்? குலத்தால் அவர் அசுத்தர் என்று இறைவனும் ஒப்புக்கொண்டானா? இக்கோபத்தை நாத்திகம் என்று தள்ளிவிடுதல் கூடாது. சித்தாந்தம் கற்றோர், மாயையாலான உடம்பு நீங்கி அருளுடம்பு பெறுதலே தீயின் கருத்து என்பர். அது தகுந்த விளக்கமே. எனினும் பெரியபுராணத்துக்குள்ளேயே வேறு சில இடங்களையும் சேர்த்துப் படித்தால் இன்னும் சில விளங்கும்.

முதலாவது, திருப்புன்கூர். அங்கே அதே சிவபெருமான் அதே நந்தனாரிடம் தீ எதனையும் கேட்கவில்லை. விலகியது நந்தியேயாகும். குற்றம் நந்தனாரின் உடம்பில் இருந்திருப்பின் அங்கும் தீ வேண்டியிருக்குமன்றோ?

இரண்டாவது, திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனாரின் இல்லம். திருஞானசம்பந்தப் பெருமான் அங்கு எழுந்தருளியபோது, உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இராத்தங்க இடம் கொடுக்கும்படி கேட்டார். பாணர் குலம் அக்காலத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட குலம். திருவாரூர்க் கோயிலில் அவருக்கென வடதிசையில் வேறு வாயில் வகுக்க நேர்ந்ததைச் சேக்கிழாரே கூறுகிறார். நீலநக்கரோ வேதியர், அக்கினி வளர்ப்பவர். அவர் பாணருக்குத் திண்ணையைக் காட்டவில்லை. வீட்டின் நடுவே வேதிகையின் பக்கத்தில் இடம் கொடுத்தார். அப்போது அவியாத அந்த வேள்வித் தீ வலமாகச் சுழித்து மகிழ்ந்து எழுந்ததாம். ஒரே நூலில் இரண்டு தீ. ஒன்றுக்குள் ஒருவர் புக வேண்டியிருக்கிறது. மற்றொன்று வந்தவரைத் தானே எழுந்து வரவேற்கிறது. தீ ஒன்றுதான். சுற்றி நின்றவர்களின் மனத்துக்கு ஏற்ப அது இரண்டு விதமாக இருந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

மூன்றாவது மிகச் சிறியது. வேகமாக வாசித்தால் தவறிவிடும். கனவு கண்ட தில்லைவாழந்தணர்கள் நந்தனாரைத் தேடி வந்து பேசும்போது, ஐயரே என்று அழைக்கிறார்கள். தீ இன்னும் மூட்டப்படவில்லை. அவர் உடம்பு மாறவில்லை, பூணூல் இல்லை, முனிவர் வடிவம் இல்லை. தோலும் வாரும் கொடுத்த அதே மனிதராக மதிலுக்கு வெளியே நிற்கிறார். அந்நிலையிலேயே அவர்கள் வாயிலிருந்து அச்சொல் வந்துவிட்டது. அப்படியானால் அன்றிரவு முதலில் மாறியவர் யார்? ஆன்ம வளர்ச்சி என்பது நந்தனாருக்கு மட்டும் வாய்த்தது என்று எண்ணிப் படிப்பவர் இப்புராணத்தின் பாதியையே படித்தவராவார்.

பாரதியாரைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. உள்ளே நடந்த மாற்றத்தை மேடையில் காட்ட முடியாது. அதற்கு ஒரு மனிதரும் ஒரு காலும் ஒரு விழுதலும் வேண்டும். வேதியர் காலில் விழும் காட்சி, அந்த ஐயரே என்ற ஒற்றைச் சொல்லை எல்லோருக்கும் தெரியும்படி பெரிதாக்கியதே எனலாம். பெரிதாக்கும்போது அச்சொல் ஊர் முழுவதற்கும் உரியதாக இருந்தது போய், ஒருவருக்கே உரியதாகிவிட்டது. அதுவே இழப்பு.

பிற்காலத்தவரும் இக்கதையை விட்டுவிடவில்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916 இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் அமைத்து ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுத்தார். புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்ற சிறுகதையையும், இந்திரா பார்த்தசாரதி 1978 இல் நந்தன் கதை என்ற நாடகத்தையும் எழுதினர். அந்நாடகத்தில் தீ திருவருளன்று, மனிதரின் சூழ்ச்சி. பக்தர்களுக்கு அது கசக்கும். கசந்தாலும் ஒருமுறை படித்துவிட்டு மீண்டும் சேக்கிழாரிடம் வருபவர், முன்னர் தாம் கவனியாத பாட்டுகளைக் கவனிப்பார் என்பது உறுதி.

படம் பார்ப்பதற்கு இரண்டரை மணி நேரமளவில் போதும். புராணத்தை நிறுத்தி வாசித்துப் பயன் சொன்னாலும் ஒரு மாலைப் பொழுதுக்குள் முடித்துவிடலாம். நாவலர் வசனம் வாசிகசாலையில் இருக்கிறது. அட்டை கிழிந்திருப்பினும் இப்பகுதியின் பக்கங்கள் ஒன்றும் குறையவில்லை.

வரும் புரட்டாதி உரோகிணியில் பாட்டுகளை அம்முதியவரே வாசிப்பார். கண் பார்வை மங்கியமையால் பயன் சொல்லும் இடத்துக்கு இம்முறை அச்சிறுமி இருத்தப்படுகிறாள். வசனத்தைப் பார்த்து வாசிக்கப் பழகி வருகிறாள். வேகமாகப் படித்துவிட்டு ஓடும் வழக்கம் அவளுக்கு உண்டு. அந்தணர் வந்து நாயனாரைக் கூப்பிடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, பின்னுக்கு இருப்பவருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று முதியவர் அவளுடைய கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.